மங்களூர் ஓட்டுக் கூரையின் ஒழுக்கைச் சரிசெய்தல்

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேயே பழுது இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே புகுந்த நீர் ரீப்பரையோ (ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கைமரத்தையோ (ரீப்பர்களைத் தாங்கும் சரிவு மரம்) பற்றிச் சரிவில் இறங்கி, ஏதேனும் ஒரு முட்டில் தடைப்பட்ட பிறகே சொட்டும். ஆகவே மழை பெய்யும்போதே வீட்டினுள் நின்று, மரத்தில் ஓடும் ஈரத் தடத்தை டார்ச் வெளிச்சத்தில் மேல்நோக்கித் தொடர்ந்து, அது தொடங்கும் ஓட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாசி நன்கு உலர்ந்த பிறகே கூரையில் ஏறுங்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பாரம் கைமரங்களில் இறங்கும்படி குறுக்கே பலகை இட்டு, அதன்மேல் மட்டுமே நில்லுங்கள். இதில் சலுகையே கூடாது.

பல வேளைகளில் ஓடு உடைந்திருப்பதே இல்லை. பக்கவாட்டுப் பள்ளத்தில் வேப்பஞ்சருகும் மண்ணும் அடைத்துக்கொள்வதால் நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிகிறது. கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்தாலே ஒழுக்கு நின்றுவிடும். விரிசல் கண்ட ஓட்டின்மேல் தார் பூசுவது அடுத்த வெயில்வரைதான் தாங்கும் என்பதால், மாற்றிவிடுவதே முறை. மேல்வரிசை ஓடுகளைச் சற்றே தூக்கி மர ஆப்பு வைத்து, உடைந்ததன் அடிப்பக்கத்தில் துருத்தியிருக்கும் குமிழ் ரீப்பரை விட்டு விலகுமாறு உயர்த்திக் கீழ்நோக்கி இழுங்கள். புதியதை அதே வழியில் மேலே தள்ளிக் குமிழை ரீப்பரில் மாட்டுங்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பள்ளத்தின் அளவு மாறும். பழைய ஓட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து, தட்டினால் கணீரென்று ஒலிப்பதை வாங்குங்கள்.

முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருந்தால் முழுவதும் கொத்தி நனைத்துப் புதிதாகப் பூசுங்கள். இறுதியில் ஒருவர் உள்ளே கவனித்திருக்க, கூரையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாக நீர் ஊற்றிச் சோதியுங்கள்.