திருப்பண்டமும் இரகசியச் சங்கமும்: அதிரடித் திகில் நாவலுக்குக் கதைத்திட்டம் அமைக்கும் முறை

இரண்டு முறை பாதியில் கைவிட்ட ஒரு திகில் நாவலை மூன்றாம் முயற்சியில்தான் முடித்தேன். அப்போது நான் கண்டுகொண்ட முறையைப் புதிதாக எழுத வருபவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன். பாத்திரப் படைப்பு, உரையாடல் ஆகியவற்றை வேறு பலரும் விளக்கியிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதற்படி, ஆவணங்கள் மிகுந்த திருப்பண்டம் ஒன்றை, அதாவது இறைவனோடோ புனிதர்களோடோ தொடர்புடையதாகப் போற்றப்படும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. முற்றிலும் கற்பனையான பொருளுக்கு வாசகர் மனத்தில் எடை இருக்காது. நான் எடுத்துக்கொண்டது இத்தாலியின் டூரின் நகரிலுள்ள கோடித்துணி. இயேசுவின் உடலைப் பொதிந்த துணியென்று பலர் வணங்கும் இது, 1350களில் பிரான்சின் லிரே என்ற சிற்றூரில் வெளிச்சத்துக்கு வந்து, 1453இல் சவோய் அரச குடும்பத்தின் கைக்குப் போய், 1532இல் ஷாம்பெரியில் தீயில் கருகி, 1578இல் டூரினை அடைந்தது. 1988இல் நடந்த கரிமக் காலக்கணிப்பு இது 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றது. அதை ஏற்காதவர்கள் இன்றும் உள்ளனர். துணி மெய்யா பொய்யா என்று நாவலுக்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தீர்ப்பு வந்த பக்கத்திலேயே துரத்தல் நின்றுவிடும்.

அடுத்து, வரலாற்றில் உள்ள வெற்றிடத்தைத் தேட வேண்டும். கணினி அட்டவணைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் 1314க்கு அடுத்த வரியிலேயே 1354 வந்து உட்கார்ந்துகொள்ளும், இடையிலுள்ள நாற்பது ஆண்டுகள் கண்ணில் படாது. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில், ஓர் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் என்று பென்சிலால் கோடிழுத்துக் குறியுங்கள். டெம்ப்ளர் என்ற இடைக்காலக் கிறிஸ்தவச் சபையின் துறவி வீரர்கள் 1307 அக்டோபர் 13 அன்று கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர் ஜாக் தெ மொலே 1314இல் எரிக்கப்பட்டபோது உடன் எரிந்தவர் ஜெஃப்ராய் தெ ஷார்னே. லிரேயில் துணியை வைத்திருந்த பிரபுவின் பெயரோ ஜெஃப்ராய் தெ ஷார்னி. இருவரும் ஒரே குடும்பத்தினர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் என் காலண்டரில் அந்த எரிப்புக்கும் துணி லிரேயில் தோன்றும் 1354க்கும் இடையே இருபது சென்டிமீட்டர் வெறுமையைப் பார்த்த மாலையில்தான் என் இரகசியச் சங்கம் பிறந்தது.

சங்கத்தை உலகையே ஆட்டிவைக்கும் சக்தியாக்கும் ஆசையை அடக்குங்கள். 1956இல் பியேர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர் 'சியோன் மடம்' என்ற சங்கத்தை அரசு அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்தார். பிறகு அது பல நூற்றாண்டுப் பழமை உடையது என்று காட்டுவதற்குப் போலி ஆவணங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டன. இரகசியச் சங்கத்துக்கும் பதிவேடும் அலமாரியும் தேவைப்பட்டிருக்கின்றன. உங்கள் சங்கத்துக்கு வாடகை பாக்கியும், வாரிசில்லாத கிழட்டுச் செயலாளரும் இருந்தால் வாசகர் நம்புவார்.

என்னை இரண்டு முறை கவிழ்த்தது இதற்கு அடுத்த படி: பொருளைக் கையால் தூக்கிப் பார்ப்பது. முதல் வரைவில் என் நாயகன் துணியைச் சுருட்டித் தோள்பையில் திணித்துக்கொண்டு கூரைமீது ஓடினான். 1998இலிருந்து அது சுருட்டப்படுவதே இல்லை என்பதும், ஆர்கான் வாயு நிரப்பிய பேழையில் விரித்தபடி கிடக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தன. ஆகவே கதையை 1997 ஏப்ரல் 11 இரவுக்கு நகர்த்தினேன். அன்று துணி இருந்த டூரின் பேராலயத்தை ஒட்டிய சிற்றாலயம் தீப்பற்றியபோது, குண்டு துளைக்காத கண்ணாடியைத் தீயணைப்பு வீரர்கள் சம்மட்டியால் அடித்துப் பிளந்து, துணி சுருட்டி வைக்கப்பட்டிருந்த வெள்ளிப் பேழையை வெளியே தூக்கிவந்தார்கள்.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. துணியின் நீளம் ஏறத்தாழ 4.4 மீட்டர், அகலம் 1.1 மீட்டர். எட்டு முழ வேட்டியொன்றின் முனையில் துண்டைத் தைத்து அந்த நீளத்துக்குக் கொண்டுவந்து, திரைச்சீலைக் கம்பில் தனியாகச் சுருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து கூம்பாகிப் போனது. பிரித்துச் சுற்றி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தம்பி மறுமுனையைப் பிடித்தபோது நான்கு நிமிடத்தில் முடிந்தது. நாயகனுக்கு ஒரு கூட்டாளி வேண்டும் என்பதை அந்த வேட்டிதான் சொன்னது. அந்தக் கூட்டாளிதான் பின்னர் துரோகியானாள்.

பிற்சேர்க்கை: "ஆய்வகத்தில் மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்று எழுதலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. 1988 காலக்கணிப்புக்காகத் துணியிலிருந்து மாதிரி வெட்டிய பணி முழுவதும் படமாக்கப்பட்டது. துண்டுகளை அலுமினியத் தாளில் பொதிந்து குப்பிகளில் இட்ட சிறுபொழுது மட்டும் பக்கத்து அறையில், படக்கருவி இல்லாமல் நடந்தது. ஆனால் ஆய்வாளர்கள் அந்தத் துணியின் மீன்முள் நெசவைப் பார்த்தே அடையாளம் காணக்கூடியவர்கள் என்பதால், மாற்ற வரும் உங்கள் வில்லன் அதே நெசவில் பழந்துணி ஒன்றை முன்கூட்டியே தேடி வைத்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தை நான் அந்தத் தேடலிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன்.