அறிபுனையில் எதிர்காலம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைகதை என்று பேச்செடுத்தாலே, "அன்றே சொன்னார்" என்ற வியப்பும் கூடவே வந்துவிடுகிறது. தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கதையில் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பது அவ்வாறு அடிக்கடி கேட்கும் ஒன்று. முதலில், அது கதையே அல்ல. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வரும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று கணக்கிட்டுக் காட்டி, 1945 அக்டோபரில் பிரிட்டனின் வானொலித் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை. அந்தப் பாதையையும் ஹெர்மன் பொட்டோச்னிக் என்ற பொறியாளர் 1920களின் இறுதியிலேயே விவரித்திருந்தார்.

பலித்ததை மட்டும் எண்ணிக்கொண்டு பலிக்காததை விட்டுவிடுவது இதைவிடப் பெரிய தவறு. கிளார்க் கற்பனை செய்த நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருந்தார்கள். அக்கால வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால், கண்ணாடிக் குமிழுக்குள் இழை செம்மஞ்சளாக ஒளிர்வது தெரியும்; இழை அறுந்துவிட்டால் வால்வு எனப்படும் அந்தக் குமிழைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். விண்வெளியிலும் அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவர் எண்ணியது அன்றைய நிலையில் நியாயமே. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1947இல், வால்வின் வேலையை இழையே இல்லாமல் செய்யும் சிறு கருவியான டிரான்சிஸ்டர் வந்தது. 1964இல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் ஆளில்லாமலே புவிநிலைப் பாதையில், அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதாகத் தோன்றும் அந்த 36,000 கி.மீ. உயரப் பாதையில், நின்றது. ஒரு துறையை மட்டும் ஐம்பது ஆண்டு முன்னே தள்ளிவிட்டு, மற்றவை யாவும் இன்றிருப்பது போலவே இருக்கும் என்று கொள்ளும் இந்தப் பிழையை, என் கணிப்பில், இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கதைகளிலும் தாராளமாகக் காணலாம்.

இயற்பியல் விதி தடுக்கவில்லை என்பதை, செய்து முடிக்கலாம் என்பதோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. புவிநிலைப் பாதையிலிருந்து தரைவரை கம்பி தொங்கவிட்டு, அதில் ஏறிச் செல்லும் விண்வெளி லிஃப்ட் எந்த விதியையும் மீறுவதில்லை. ஆயினும் மிக வலிய எஃகுக் கம்பியும், சீரான தடிமனில் தொங்கவிட்டால், சில பத்து கிலோமீட்டர் நீளத்திலேயே தன் எடை தாளாமல் அறுந்துவிடும். மேலே போகப்போக ஈர்ப்பு குறைவதைக் கணக்கில் கொண்டாலும், இந்தக் கம்பி தாங்க வேண்டிய சுமை, தரைமட்ட ஈர்ப்பில் 4,900 கி.மீ. நீளக் கம்பியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

"கார்பன் நானோகுழாய் வந்துவிட்டதே" என்பார்கள். கார்பன் அணுக்களால் ஆன, மிக நுண்ணிய, மிக வலிய குழாய் அது. தனிக் குழாயாக இதுவரை வளர்க்க முடிந்தது அரை மீட்டர் அளவே. அவற்றைத் திரித்து நூலாக்கும்போது தனிக்குழாயின் வலிமையில் சிறு பங்கே மிஞ்சுகிறது. ஆய்வகச் செய்தியைப் படிக்கும்போது, அளந்த மாதிரியின் நீளம் என்ன என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

உண்மையை வளைப்பது புனைகதைக்குக் குற்றமில்லை. வளைத்த இடத்தை ஒளிப்பதே குற்றம். இந்த லிஃப்டை வைத்து 1979இல் வெளியிட்ட நாவலில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் இலங்கையைச் சற்றே மாற்றிப் படைத்து, தெற்கே நகர்த்திக் கோட்டின் மீதே வைத்தார் கிளார்க். அவ்வாறு நகர்த்தியதை வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார்.