டிக்கியில் பாரம், கீழே குட்டை ஸ்பிரிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைத் தாழ்த்தப் பூட்டும் குட்டை ஸ்பிரிங்கின் பெட்டியில் '30 மி.மீ. தாழும்' என்று போட்டிருந்தால் அது வெறும் காருக்கான கணக்கு. கல்முனையிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டியோ, சம்மாந்துறையிலிருந்து 25 கிலோ அரிசிப் பைகள் நாலோ ஏறுகிற காருக்கு அந்த 30 தொடக்கம்தான்.

டொயோட்டா ஆக்சியோ கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 2600 மி.மீ. பின் அச்சுக்கு 600 மி.மீ. பின்னால் 100 கிலோ வைத்தால், பின் சில்லுகளில் ஏறுவது 123 கிலோ. மேலதிக 23 கிலோவும் முன்பக்கத்திலிருந்து கழன்று வருகிறது, துலா மிதித்த மாதிரி. பழைய பின் ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து மில்லிமீற்றருக்கு 5 கிலோ தாங்கும் என்று வைத்தால் கார் 25 மி.மீ. இறங்கும். குட்டை ஸ்பிரிங் 30 சதவீதம் இறுக்கமானது என்றாலும் 19 இறங்கும். 30ம் 19ம் 49. அதற்குப் பிறகு வேகத்தடையில் அடியை வாங்குவது ஸ்பிரிங் அல்ல, சில்லு மேலேறும் எல்லையில் முட்டும் ரபர்க் கட்டையான பம்ப் ஸ்டொப்.

ஆகவே அளக்காமல் ஸ்பிரிங் வாங்குவதுதான் முதல் தவறு. சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். வெறுங்காராக ஒருமுறை, வழக்கமான பாரத்தோடு ஒருமுறை. துள்ளலை அடக்கும் சொக்கின் தண்டில் கேபிள் டை ஒன்றை இறுக்கி, பாரத்தோடு குண்டும் குழியுமான வீதியில் ஓடிவிட்டு வந்து பாருங்கள். டை இப்போதே பம்ப் ஸ்டொப்பை முட்டி நின்றால் தாழ்த்துவதற்கு இடமே இல்லை.

பாரம் நாளுக்கு நாள் மாறுமென்றால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம் என்போம். காஸ் தாங்கி, சவுண்ட் பெட்டி போல இறங்காத பாரமென்றால் கதை வேறு: அரிசி ஆலையில் லொறி நிறுக்கும் தராசில் பின் சில்லுகளை மட்டும் ஏற்றி நிறை பார்த்து, அந்த நிறைக்கேற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டுவதும் சூடாக்கித் தாழ்த்துவதும் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட உருக்கு பதம் இழக்கும். வெட்டியது, சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் உட்காரும் கிண்ணமான இருக்கையை விட்டு நழுவும். பூட்டியபின் ஜக் வைத்துத் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அது ஆபத்து.

பின்பக்கம் கழற்றும்போது சொக்கின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, பின் சில்லுகளை இணைக்கும் பீமைத் திடீரென இறக்குவார்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபட்டுப் போகும். முதலில் அவற்றின் கிளிப்பைக் கழற்றுங்கள். முன்பக்கத்துக்கு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல் சொக்கின் மேல் நட்டைத் தொடக்கூடாது. கொக்கி இரண்டும் நேரெதிரே இருக்கட்டும், மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள், கையால்தான். ஸ்பிரிங் நுனி ரபர் இருக்கையின் படியில் முட்டி நிற்க வேண்டும்.

கராஜில் அதிகம் தவறுவது புஷ் போல்ட், அதாவது சில்லைத் தாங்கும் கைகளின் ரபர் மூட்டை இறுக்கும் போல்ட். சில்லு தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரபர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சில்லு தரையில் இருக்க, நிரந்தரப் பாரத்தையும் டிக்கியில் வைத்தபடியே கடைசி இறுக்கம் கொடுங்கள். அலைன்மென்ட்டும் அதே பாரத்தோடு, ஸ்பிரிங் படிய சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு.

பழைய சொக்கையே விடுவது பொய்ச் சிக்கனம். இறுக்கமான ஸ்பிரிங்கை அடக்க அதால் முடியாது, பள்ளத்தில் விழுந்த கார் இரண்டு மூன்று முறை துள்ளும்.

லைற்றை மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் முன்னைவிட 25 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்தால் ஒளி கிட்டத்தட்ட 1 சதவீதம் மேலேறும். 25 மீற்றர் தூரத்தில் அது 24 செ.மீ. டிம் லைற்றின் கீழ்ச்சரிவே ஏறக்குறைய அவ்வளவுதான். வயல் வீதியில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் கூசும். பாரத்தோடு சுவரில் அடித்துப் பார்த்து இறக்குங்கள்.

கடற்கரைப் பக்கத்தாருக்கு இன்னொன்று. கம்பிரசர் கொக்கி ஸ்பிரிங்கின் பூச்சைக் கீறும். மீன் பெட்டியில் உருகும் உப்புத் தண்ணீர் டிக்கி ஓட்டையால் வடிந்து பின் ஸ்பிரிங்கின் இருக்கையில் தேங்கும். கீறலில் துருப் பிடித்தால் ஸ்பிரிங் அந்த இடத்திலேயே முறியும். பூட்டும் முன் கீறலுக்குப் பெயின்ற் தொட்டுவிடுங்கள், பெட்டிக்குக் கீழே ஓட்டை இல்லாத தட்டு ஒன்று வையுங்கள்.