பறவைக் குழுவில் நீங்கள் புது ஆளா?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போக ஆரம்பித்து, வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்ந்துவிட்டீர்களா? மங்கலான படத்தைப் போட்டு “இது என்ன?” என்று மட்டும் கேட்டால் பழைய ஆட்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். இடம், நேரத்தோடு உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள்: “நெற்றி வெள்ளை, நாமக்கோழியா?” (சிவப்பு என்றால் தாழைக்கோழி.) தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்துவதில் அவர்களுக்குத் தனி குஷி!

நாலைந்து பேர் தங்களுக்குள்ளேயே பேசிச் சிரிப்பார்கள். விடியற்காலையில் வருடக்கணக்காக ஒன்றாகச் சுற்றியவர்கள், அப்படித்தான் இருக்கும். ஒரு ஞாயிறு நேரில் போய் வாருங்கள், அப்புறம் அந்தச் சிரிப்பு உங்களுக்கும் புரியும்.

கூடு இருக்கும் இடத்தை மட்டும் குழுவில் போடவே கூடாது. கேமராக் கூட்டம் மொய்த்தால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுப் போய்விடலாம்.