பெல்லி டான்ஸ்: இடுப்பு பழகட்டும், பிறகு துணி வெட்டலாம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வாழும் தமிழ்ப் பெண்களில் பரதம் பயின்றுவிட்டு பெல்லி டான்ஸுக்கு வருகிறவருக்குத் தொடை வலுவும் தாள உணர்வும் ஏற்கெனவே கைவசம் இருக்கும். ஆனால் அரைமண்டியில் அசையாமல் நிறுத்தப் பழகிய இடுப்பை இங்கே தனியாக ஆட்ட வேண்டியிருப்பதுதான் அவருக்கு முதல் தடை. மோகினியாட்டம் தெரிந்தவருக்கு உடலின் மேற்பகுதி அலைபோல் சாய்வது பழக்கமாகையால் இந்தத் தடை சற்றுக் குறைவு.

பாதங்களை இடுப்பகலத்தில் நேராக வைத்து, முழங்கால்களை இறுக்காமல் தளர்த்தி, வால் எலும்பு தரையை நோக்கி இருக்குமாறு நில்லுங்கள். கீழ்முதுகை வளைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் இடுப்பு அதிகம் ஆடுவதுபோல் தோன்றினாலும், சில வாரங்களில் முதுகுவலிதான் மிஞ்சும். தொடக்கத்தில் ஒரு பக்க இடுப்பை உயர்த்தி இறக்குவது, இடுப்பால் எட்டு வரைவது, முழங்கால்களை மாற்றி மாற்றி மடக்கி நீட்டுவதால் பிறக்கும் ஷிம்மி என்னும் இடுப்பு நடுக்கம் ஆகிய மூன்றும் போதும். இடுப்பு நகரும்போது தோள் அசைகிறதா என்பதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பார்ப்பது கண்ணாடியைவிடப் பயன் தரும். கண்ணாடியில் நமக்குப் பிடித்ததை மட்டுமே பார்ப்போம்.

அரபு இசையில் மிகுதியாக ஒலிக்கும் மக்சூம் என்னும் தாளத்தை ஆதி தாளம் எண்ணத் தெரிந்தவர் உடனே பிடித்துக்கொள்ளலாம். எட்டு எண்ணிக்கையில் ஒன்றிலும் ஐந்திலும் தர்புகா என்னும் கைம்முரசின் நடுவிலிருந்து எழும் ‘தும்’, இரண்டிலும் நான்கிலும் ஏழிலும் விளிம்பின் ‘தக்’, மற்றவை வெறுமை. ‘தும்’ விழும் இடத்தில் இடுப்பை இறக்கிப் பழகுங்கள். நான்காம் இடத்துத் ‘தக்’ ‘தும்’ ஆனால் அதுவே சயீதி. கம்பு ஏந்தி ஆடும் மேல் எகிப்து (நாட்டின் தென்பகுதி) ஆட்டத்துக்குரிய தாளம் அது.

மின்னும் மேலாடையும் இடைப்பட்டியும் பாவாடையும் கொண்ட உடை, 1926இல் நடனக் கலைஞர் பாதியா மசாப்னி கெய்ரோவில் தொடங்கியது போன்ற கேளிக்கை அரங்குகளின் மேடையில் செழித்தது. வீட்டு விசேஷங்களில் ஆடுகிறவர்களுக்கு நீண்ட அங்கியும் இடுப்பில் கட்டிய துணியுமே போதும். ஆகவே உங்களுடைய முதல் தையலும் காசு தைத்த ஓர் இடுப்புத் துணியாக இருப்பதே நல்லது. அந்தக் காசுகளின் சத்தம் ஷிம்மி சீராக இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடும்.

அடுத்தது பாவாடை. முழுவட்டத்துக்கு இடுப்பின் மிக அகலமான சுற்றளவை 6.28ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 38 அங்குலத்துக்கு ஏறக்குறைய 6 அங்குலம். அதிலிருந்து பாவாடை உயரம் 37 அங்குலம் என்றால், 44 அங்குல அகலமுள்ள ஷிஃபானிலோ ஜார்ஜெட்டிலோ இரண்டு அரைவட்டம் வெட்ட நாலரை மீட்டர் தேவைப்படும். கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவுக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கிட்டுக்கொண்டு போவது நல்லது. பட்டி தைத்து எலாஸ்டிக் கோத்தபின் பாவாடையை இரண்டு நாள் தொங்கவிடுங்கள். குறுக்கு இழையில் விழும் பகுதிகள் தாமாக நீளும். அதன்பிறகு அடியைச் சமமாக வெட்டி, சேலைக்குப் பீக்கோ போடும் கடையில் கொடுத்தால் ஓரம் மெல்லியதாக அமையும்.

எல்லாவற்றிலும் பொறுமை வேண்டுவது இடைப்பட்டிதான். நேரான பட்டையை வெட்டிக் கட்டினால் மேல் விளிம்பு உடலை விட்டு விலகி நிற்கும். ஏனெனில் இடுப்பு மேலே போகப் போகக் குறுகுகிறது. முழங்கால்களைத் தளர்த்தி ஆடும் நிலையில் நின்று, தொப்புளுக்கு நான்கு விரற்கடை கீழே செய்தித்தாளைச் சுற்றி, மேல் விளிம்பில் மிஞ்சுவதை மடித்துக் குண்டூசி குத்துங்கள். கழற்றி விரித்தால் வளைந்த வடிவம் கிடைத்துவிடும். விறைப்புக்கு உள்ளே வைக்கும் பக்ரம் துணி வியர்வையில் தளர்ந்துவிடுமாதலால் பை தைக்கும் கேன்வாஸை இரண்டு அடுக்காக வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு அங்குலம் மேலேறுமாறு விட்டு, பேன்ட் கொக்கிகளை வைத்து, அவை மாட்டும் கண்களை இரண்டு வரிசையாகத் தைத்தால் உடல் கூடினாலும் குறைந்தாலும் பட்டி உதவும். பழைய செட்டுமுண்டின் கசவுக் கரையை இதன்மேல் ஒட்டித் தைப்பது நம் பக்கத்துக்கே உரிய வசதி. கடையில் வாங்கும் லேஸைவிட எனக்கு அதுவே அழகு.

மணிச்சரங்களை இரட்டை நூலில் கோத்து, ஒவ்வொரு சரத்துக்கும் தனி முடிச்சுப் போடுங்கள். ஒன்று அறுந்தால் அதோடு நிற்கும். இடுப்பின் இரு பக்கங்களிலும் சரங்கள் அடர்த்தியாகவும், நடுவில் குறைவாகவும் இருக்கட்டும்.

மேலாடைக்குக் கெட்டியான பேடட் பிராவை வாங்கி, எலாஸ்டிக் பட்டைகளை நீக்கி நீளாத துணிப்பட்டைகளைத் தைத்து, துணியால் மூடிவிடலாம். வயிறு தெரிவதில் தயக்கமுள்ளவர்கள் தோல்நிற வலைத்துணியை இடையில் இணைத்துக்கொள்ளலாம். எகிப்திய மேடைகளிலும் அப்படி மூடிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆரி வேலைக்கு ரவிக்கை தைக்கும் கடைகளில் ‘ஸ்கின் நெட்’ என்று கேட்டால் தருவார்கள்.

முழு உடையையும் அணிந்து ஒரு பாட்டு முடியும்வரை ஷிம்மி செய்து பார்த்த பிறகே மேடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆடி முடித்ததும் மணிவேலை செய்த பகுதிகளைத் துவைக்காமல், உட்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, மாட்டித் தொங்கவிடாமல் தட்டையாக மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காசுகள் கறுக்காமலிருக்க அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட விடவும் வேண்டும்.