கைரேகைக்கும் ஒரு பூட்டு உண்டு

மல்லிகைப்பூ கட்டிக் கட்டி, திருமங்கலத்தில் இருக்கும் என் அத்தைக்கு விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடைக் கருவியில் முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலு முறை வைத்தால்தான் ஏற்கும். ஆனால் கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்கில் பணம் எடுத்துவிடும் திருடர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஓடிபி தேவையில்லை என்பதுதான் பயம். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை என்ன செய்வது?

ஆதார் செயலியில் 'பயோமெட்ரிக் லாக்' என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆதாரோடு இணைத்த செல்போன் எண் மட்டும் வேண்டும். பூட்டிவிட்டால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றுமே செல்லாது. ஓடிபி வழி வேலைகள் வழக்கம்போல நடக்கும். ரேஷன் வாங்கப் போகிற அன்று மறக்காமல் தற்காலிகமாகத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். வரிசையில் நிற்கும்போது அத்தைக்கு நான்தான் திறந்துகொடுக்கிறேன்.

அப்புறம், "உங்கள் ஆதார் ரத்தாகிறது" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தால் நம்பாதீர்கள். தெரிந்தவர் குரலாக இருந்தாலும் சரி, இப்போது ஏஐ அப்படியே பேசிவிடுகிறது. சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947-ல் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.