மறுக்க ஆள் இல்லாத வாதம்

சமூகப் பிரச்சினைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களின் முதல் வரைவுகள் ஆண்டுதோறும் என்னிடம் வரும். இந்த வாரம் வந்த ஐந்தில் மூன்றில், அந்த வயதில் நான் செய்த அதே தவறு. எழுத்துப் பிழை, மேற்கோள் முறையெல்லாம் கைடு சொல்லித் தருவார். அவற்றை விடுகிறேன்.

யாரும் மறுக்காததை மைய வாதமாக வைப்பது

முதுகலை ஆய்வுக்காக ராமேசுவரம் அருகே பாம்பன் சின்னப்பாலம் என்ற கடற்கரை ஊருக்கு ஏழு மாதம் போய்வந்தேன். "கடல்பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரம் பாதுகாக்கப்பட வேண்டும்" என்பது என் மைய வாதம். அப்போதுதான் கரையேறி, விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"நாங்க நல்லா இருக்க வேணாம்னு யாரு தம்பி சொன்னா? பாசி எடுக்கக் கூடாதுன்னுல்ல சொல்றாக. அதுக்கு என்ன எழுதியிருக்க?"

எண்பது பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. அங்கே பாசி எடுக்கத் தடை. ஆள் நடமாடினால் பவளப்பாறை உடையும் என்பது ஒரு தரப்பு. மாதம் 12 நாள்தான் எடுக்கிறோம், மீதி நாளில் பாசி வளர்ந்துவிடும் என்பது பெண்கள் தரப்பு. சச்சரவே இதுதான். அந்த 12 நாள் கணக்கு என் குறிப்பேட்டிலேயே இருந்தது. அதை நான் அன்றாட வாழ்க்கை வர்ணனையில் சேர்த்து வீணாக்கியிருந்தேன்.

பிறகு இப்படி மாற்றினேன்: "முழுத் தடையைவிட, பெண்களே வகுத்துக்கொண்ட நாள் கட்டுப்பாட்டைச் சட்டப்படி ஏற்பதே பாசியைக் காக்கும், ஏனெனில் அதை மீறாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத்தான் காரணம் இருக்கிறது." இதை வனத்துறை அதிகாரி மறுக்கலாம், பவள ஆய்வாளர் மறுக்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்லப் போனபோதுதான் கட்டுரை நகர்ந்தது. ஏழு மாத உழைப்பில் பாதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

இந்த வாரமும் ஒரு மாணவி "மீனவர் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இன்றும் எரிச்சல் வருகிறது. வேண்டாம் என்று எவர் சொல்வார்? உங்கள் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். அதைப் பேச ஊரில் ஒருவரும் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

'மீனவர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கே என்று ஒதுக்கியது. விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே தரப்பாக இருந்தால் அப்படியொரு கோடு எதற்கு? எந்த மீனவர் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

'ஏனெனில்' இல்லாத வாதம்

அது கோரிக்கை மனு.

எழுதியதை அந்த ஊரில் படித்துக் காட்டாதது

இரண்டாம் வரைவை அதே அக்காவிடம் கொண்டுபோனேன். 12 நாள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். எந்த மாதங்களில் அறவே எடுப்பதில்லை என்பதையும் சேர்க்கச் சொல்லி, நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.